செலவை வரவில் எழுதும் கணக்கு

2023 உலகக் கோப்பை கிரிக்கெட் முடிந்து பத்து மாதம் கழித்து ஐசிசி ஓர் அறிக்கை வெளியிட்டது. போட்டியை நடத்தியதால் இந்தியாவுக்குக் கிடைத்த பொருளாதாரப் பலன் 139 கோடி டாலர், நம் பணத்தில் 11,637 கோடி ரூபாய் என்றது அது. 48,000 பேருக்கு வேலை கிடைத்ததாம். செய்தித்தாள்கள் அந்தத் தொகையை அப்படியே தலைப்பாக்கின. ஆய்வு செய்தது நீல்சன் நிறுவனம். செய்யச் சொன்னது ஐசிசி. போட்டியை விற்கிறவரே அதன் பலனையும் அளந்து சொல்கிறாரே என்று பெரிதாக யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தாததற்குக் காரணம், நாம் ஏற்கெனவே நம்பிவிட்டோம். பெரிய போட்டி வந்தால் ஊருக்குக் காசு வரும். ஓட்டல் நிறையும், ஆட்டோ ஓடும், ரோடு போடுவார்கள், உலகம் நம்மைத் திரும்பிப் பார்க்கும். 2036 ஒலிம்பிக்ஸை நடத்த இந்தியா 2024 அக்டோபரில் விருப்பக் கடிதம் கொடுத்தபோதும், 2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவானபோதும் இதே பேச்சுதான். பொருளாதார நிபுணர்கள் நாற்பது ஆண்டுகளாகத் தோண்டித் துருவி இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கையில் சிக்கியதெல்லாம் சொற்பம்.

கணக்கில் எங்கே ஓட்டை என்று பார்ப்போம். அந்த உலகக் கோப்பையை நேரில் பார்த்தவர்கள் 12.5 லட்சம் பேர். பெரும்பாலோர் இந்தியர்கள். அக்டோபர் 8-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா ஆட்டம். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்து டிக்கெட், அறை, சாப்பாடு, நீல ஜெர்சி என்று எட்டாயிரம் ரூபாய் செலவழித்தார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் தீபாவளி. ஆட்டம் இல்லாமல் போயிருந்தால் அந்த எட்டாயிரம் ஆவியாகியிருக்காது. ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கோ ஊட்டியில் ஒரு காட்டேஜுக்கோ போயிருக்கும். சென்னைக்குக் கூடியது கோவைக்குக் குறைந்தது. இந்த மாதிரி அறிக்கைகளில் கூட்டல் குறி தாராளமாகக் கிடைக்கும். கழித்தல் குறியைத்தான் தேட வேண்டியிருக்கும். பெண்ணுக்கு இருபது லட்சத்தில் கல்யாணம் செய்துவைத்த அப்பா, ‘என்னால் ஊர்ப் பொருளாதாரத்துக்கு இருபது லட்சம் பலன்’ என்று பத்திரிகை அடித்துக் கொடுத்தால் சிரிப்போம். நகரங்கள் அதைச் செய்தால் கைதட்டுகிறோம்.

சரி, வெளியூரிலிருந்து வந்த காசாவது ஊரில் தங்குகிறதா? ஒளிபரப்பு உரிமைப் பணம் ஐசிசிக்கு, ஒலிம்பிக் கமிட்டிக்கு, ஃபிஃபாவுக்கு. விளம்பரதாரர் பணமும் பெரும்பாலும் அதே வழிதான். ஆட்டத்தன்று ஓட்டல் அறை வாடகை மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறும். அறையைப் பெருக்கும் பெண்ணின் சம்பளம் ஏறாது. ஏறிய லாபம் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போய்விடும். வரியாவது கிடைக்குமா என்றால், வரிவிலக்கு கொடுத்தால்தான் போட்டி என்பது ஃபிஃபாவின் நிபந்தனை. ஐசிசியும் சளைத்ததல்ல. 2016 டி20 உலகக் கோப்பைக்கு இந்திய அரசு வரிவிலக்கு தரவில்லை என்பதற்காக, பிசிசிஐக்குச் சேரவேண்டிய பணத்தில் 2 கோடி டாலருக்கு மேல் பிடித்துக்கொண்டது.

போதாக்குறைக்கு, போட்டிக்காக வருகிறவர்கள் வழக்கமாக வருகிறவர்களைத் துரத்திவிடுகிறார்கள். 2012 ஒலிம்பிக்ஸ் நடந்த ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு. கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்து மற்றவர்கள் வேறு ஊர் பார்த்துக்கொண்டார்கள். போட்டி நடத்துவோர் சொல்லும் பலனில் தசமப் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளிப் படியுங்கள், உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம் என்று விக்டர் மாத்தீசன் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் சொல்வது வழக்கம். வேடிக்கைக்காகச் சொன்னது மட்டுமல்ல.

பலன் ஊதிப் பெருக்கப்படுகிறது என்றால் செலவு அமுக்கி வாசிக்கப்படுகிறது. 1976-இல் ஒலிம்பிக்ஸ் நடத்திய மான்ட்ரியல் நகரின் மேயர் ஜான் டிராபோ, ஆண்பிள்ளை பிரசவித்தாலும் பிரசவிக்கலாம், ஒலிம்பிக்ஸில் நஷ்டம் வராது என்கிற பொருளில் ஒரு வாய்ச்சொல்லை உதிர்த்தார். செலவு மதிப்பீட்டைவிட 720 சதவீதம் கூடியது. ஏஸ்லின் என்ற கேலிச்சித்திரக்காரர், வயிறு தள்ளிய மேயர் கருக்கலைப்பு டாக்டருக்குப் போன் போடுவதாக வரைந்தது கனடாவில் இன்றும் பிரபலம். கடனை அடைக்க கியூபெக் மாகாணம் சிகரெட்டின்மேல் தனி வரி போட்டது. கடைசித் தவணை 2006-இல்தான் தீர்ந்தது. ஒலிம்பிக்ஸ் நடந்த ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, முப்பது வயதில் பற்றவைத்த சிகரெட்டிலும் அந்த வரி இருந்தது. கதை அதோடு முடிந்ததா? ஸ்டேடியத்தின் கூரை ஆயிரக்கணக்கான இடங்களில் கிழிந்து, மேலே மூன்று சென்டிமீட்டர் பனி விழுந்தாலே உள்ளே நிகழ்ச்சி நடத்த முடியாது என்றானது. கூரையை மாற்ற 87 கோடி கனடா டாலர் என்று 2024-இல் அறிவித்தார்கள். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று நம் பெரியவர்கள் சொன்னது ஸ்டேடியத்துக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது.

மான்ட்ரியல் ஒரு விதிவிலக்கு என்று தள்ளவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1960 முதல் கணக்குக் கிடைத்த ஒலிம்பிக்ஸ் ஒவ்வொன்றையும் பார்த்தார்கள். சொன்ன தொகைக்குள் முடிந்தது ஒன்றுகூட இல்லை. அணை கட்டினாலும் மெட்ரோ போட்டாலும் எப்போதாவது ஒன்றாவது பட்ஜெட்டுக்குள் முடியும்.

சிறு வியாபாரிக்காவது நாலு காசு வரும் என்பது அடுத்த சமாதானம். பிரேசிலின் சால்வடோர் நகரில் வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையும் கட்டிய பெண்கள் தெருவோரம் உட்கார்ந்து அகராஜே சுடுவார்கள். அதுவும் ஒரு வகைத் தட்டைப்பயறு வடைதான். பயற்றை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்து, நடுவில் கீறி இறால் வைத்துத் தருவார்கள். அந்த ஊர் ஃபோன்ட்டே நோவா ஸ்டேடியத்தில் பல பத்தாண்டுகளாக விற்றுவந்தவர்கள் அவர்கள். 2014 கால்பந்து உலகக் கோப்பைக்காக ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டியதும், சுற்றியுள்ள இரண்டு கிலோமீட்டர் வட்டாரம் ஃபிஃபாவின் விளம்பரதாரர்களுக்கு என்றார்கள். அங்கே அதிகாரபூர்வச் சாப்பாட்டுக்கடை மெக்டொனால்ட்ஸ். பெண்கள் திரண்டு போராடினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் ஆறு பேருக்கு அனுமதி கிடைத்தது. தங்கள் சொந்த ஊரில், தாங்கள் வழக்கமாக விற்ற இடத்தில், ஆறு பேருக்கு.

அதே உலகக் கோப்பைக்காகத் தலைநகர் பிரசிலியாவில் எழுபதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள். அந்த ஊரில் முதல் நிலை லீகில் ஆடும் அணியே கிடையாது. ஓராண்டுக்குள் அந்த வளாகத்தில் நகரப் பேருந்துகளை நிறுத்த ஆரம்பித்தார்கள்.

இலங்கை தூரமில்லை. 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்காக அம்பாந்தோட்டைக்கு அருகே சூரியவெவயில் 35,000 இருக்கைகளோடு புது ஸ்டேடியம் எழுந்தது. பல்லேகல, பிரேமதாசா அரங்குகளுக்கும் செலவு. போட்டி முடிந்ததும் கிரிக்கெட் வாரியம் கடனில் மூழ்கி, இறுதி ஆட்டம் வரை போன தன் வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் தர முடியாமல் நின்றது. பிறகும் ஆசை விடவில்லை. 2018 காமன்வெல்த் விளையாட்டுக்கு அம்பாந்தோட்டை விண்ணப்பித்தது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டிடம் தோற்றது இலங்கையின் நல்ல காலம்.

நமக்கு இதெல்லாம் தெரியாதா? 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டு நம் கண்முன்னே நடந்தது. கேட்கும்போது இரண்டாயிரம் கோடிக்குள் முடியும் என்ற தோரணை. முடிவில் சிஏஜி அறிக்கை 18,532 கோடி ரூபாய் என்று எழுதியது. டிரெட்மில் ஒன்றை 45 நாள் வாடகைக்கு எடுக்கக் கிட்டத்தட்ட பத்து லட்சம் என்ற செய்தி ஞாபகம் இருக்கும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஆனால் ஊழலைப் பற்றியே பேசிப் பேசி, ஊழல் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அது தவறான முடிவு. ஒரு பைசா திருடாமல் நடத்தியிருந்தாலும் அந்தக் கணக்கு தேறியிருக்காது.

விளையாட்டுக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்‌ஷர்தாம் கோயிலுக்குப் பக்கத்தில், யமுனையின் வெள்ளப்படுகையில், தனியார் முதலீட்டில் அடுக்குமாடி வீடுகள். அரசுக்குச் செலவில்லை என்பதுதான் ஏற்பாடு. 2008-இல் ரியல் எஸ்டேட் சரிந்ததும் கட்டுமான நிறுவனம் கையை விரித்தது. டெல்லி வளர்ச்சி ஆணையம் எழுநூறு கோடிக்கு மேல் கொடுத்து 333 வீடுகளை வாங்கி அதைத் தூக்கிவிட்டது. வேறு வழியில்லை; போட்டித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. லாபம் வந்திருந்தால் தனியாருக்கு, நஷ்டம் வந்ததால் அரசுக்கு. மிச்ச வீடுகளை 2020-க்குப் பிறகும் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைவாய்ப்பு என்றார்களே, கட்டுமானத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட ஒழுங்காகப் போய்ச்சேரவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழு கண்டது. விளையாட்டுக்காக வீடிழந்தவர்கள் குறைந்தது இரண்டு லட்சம் பேர் என்று வீட்டு உரிமை அமைப்பு ஒன்று கணக்கிட்டது. பட்டியலின மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டத்திலிருந்து பல நூறு கோடி ரூபாயை டெல்லி அரசு போட்டிப் பணிகளுக்குத் திருப்பிவிட்டது. அது தவறுதான் என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எந்தப் பலன் அறிக்கையிலாவது இதைப் பற்று வைத்திருக்கிறார்களா?

‘போட்டி என்ற சாக்கு இல்லாவிட்டால் நம் ஊரில் ரோடு, மெட்ரோ எதுவும் நேரத்துக்கு வராது’ என்பார்கள். விவரமறிந்தவர்களும் மயங்குகிற வாதம் இது. டெல்லி விமான நிலைய மெட்ரோ பாதை காமன்வெல்த் போட்டிக்குத்தான் தயாராக வேண்டும். போட்டி 2010 அக்டோபரில் முடிந்தது, ரயில் 2011 பிப்ரவரியில் ஓடியது. நேரு ஸ்டேடியத்துக்கு நடைமேம்பாலம் அவசர அவசரமாகக் கட்டி, தொடக்க விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் சரிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். தள்ளிப்போட முடியாத தேதி என்பது காண்ட்ராக்டர் கையில் இருக்கும் சாட்டை. அவர் கேட்ட தொகையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

பார்சிலோனாவைச் சொல்வார்கள், லாஸ் ஏஞ்சலிஸைச் சொல்வார்கள். சொல்லட்டும். பார்சிலோனா முதலில் நகரத்துக்குத் திட்டம் போட்டது, பிறகு 1992 ஒலிம்பிக்ஸை அதற்குப் பயன்படுத்திக்கொண்டது. பணத்தின் பெரும்பகுதி போனது வட்டச்சாலைக்கும் கடற்கரைக்கும் கழிவுநீருக்கும்தான். லாஸ் ஏஞ்சலிஸ் 1984-இல் 23 கோடி டாலர் மிச்சம் பிடித்தது உண்மை. மான்ட்ரியலைப் பார்த்து மிரண்டு மற்ற ஊர்கள் ஒதுங்கிக்கொண்டதால் ஒரே விண்ணப்பதாரராக நின்று, தன் நிபந்தனையை ஒலிம்பிக் கமிட்டியின்மேல் போட்டது. நகரப் பணத்தைத் தொடக்கூடாது என்று மக்கள் 1978-லேயே ஓட்டுப்போட்டுத் தடுத்திருந்தார்கள். 1932-இல் ஒலிம்பிக்ஸ் நடந்த பழைய ஸ்டேடியத்திலேயே நடத்தினார்கள். அதாவது, நம்பாமல் இருந்ததால்தான் பிழைத்தார்கள். நம் அளவில் பார்த்தால் 2022 செஸ் ஒலிம்பியாட் ஆட்டங்கள் பூஞ்சேரியில் ஓர் ஓட்டல் வளாகத்துக்குள்ளேயே முடிந்தன. பராமரிக்க வேண்டிய புது ஸ்டேடியம் எதையும் அது விட்டுச்செல்லவில்லை. அதை நடத்தியதில் பெருமை உண்டு என்றால் நானும் சேர்ந்து தலையாட்டுவேன். பெருமைக்காகச் செலவழிப்பது ஓர் அரசின் உரிமை. அதைப் பெருமைச் செலவு என்று சொல்லிக் கேட்க வேண்டும். முதலீடு என்று சொல்லிக் கேட்கக் கூடாது.

இவ்வளவு லாபமான சரக்கென்றால் வாசலில் கூட்டம் அல்லவா நிற்க வேண்டும்? 2022 காமன்வெல்த் விளையாட்டு டர்பனின் கையை விட்டுப் பர்மிங்காமுக்குப் போனது. போட்டி நடந்த அடுத்த ஆண்டே பர்மிங்காம் நகராட்சி, இனிச் செலவழிக்கப் பணமில்லை என்று சட்டப்படி அறிவித்தது. காரணம் விளையாட்டு அல்ல, ஊழியர்களின் சம ஊதிய வழக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள் குளறுபடியும். ஆனால் வந்துசேர்ந்ததாகச் சொன்ன பலன் அந்தப் பள்ளத்தை நிரப்பவுமில்லை. 2026-க்கு ஒப்புக்கொண்ட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 600 கோடியைத் தாண்டப்போவதைப் பார்த்து 2023-இல் விலகியது. விலகியதற்கு நஷ்டஈடு 38 கோடி ஆஸ்திரேலிய டாலர். நடத்தாமல் இருக்கப் பணம் கட்டுவதே மேல் என்று ஒரு பணக்கார அரசு முடிவெடுத்தது. ஹாம்பர்க் மக்கள் 2015-இல் ஓட்டுப்போட்டு ஒலிம்பிக்ஸை மறுத்தார்கள், கால்கரி மக்கள் 2018-இல். இப்படி மற்றவர்கள் விலகிய வாசலில்தான் அகமதாபாத் நிற்கிறது.

இந்த வியாபாரத்தில் எல்லாம் ஒரு தாளில் வந்து முடியும். செலவு கூடினால் மிச்சத்தை நாங்கள் கட்டுகிறோம் என்று போட்டி நடத்தும் நகரமோ அரசோ எழுதித்தரும் உறுதிமொழி அது. 2015 ஜூலையில் பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ், வரிகட்டுவோர் பணத்தை அடகு வைக்கும் அந்தத் தாளில் கையெழுத்திட மாட்டேன் என்றார். அன்றைக்கே அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி பாஸ்டனை விட்டுவிட்டது. ஒரு கையெழுத்து இல்லையென்றதும் லாபம் பற்றிய பேச்சு மொத்தமும் சில மணி நேரத்தில் நின்றுபோனது. அகமதாபாத்துக்காக யார் கையெழுத்திட்டிருக்கிறார், எந்தத் தொகை வரைக்கும், 2031-இல் பாக்கியைக் கட்டப்போவது மாநகராட்சியா மாநிலமா மத்திய அரசா என்பதைப் பலன் அறிக்கை வருவதற்கு முன்பே குஜராத் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் மேசைமேல் வைக்கட்டும்.