எத்தனை மணிக்கு வரும் கரண்ட்?

அணு உலையை நம்பலாமா, காற்றையும் வெயிலையும் நம்பலாமா என்று ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "மோட்டாருக்கு மும்முனை கரண்ட் எத்தனை மணிக்கு வரும்னு மொதல்ல சொல்லுங்க" என்பார். நம்பகத்தன்மையை அளக்க இதைவிடச் சரியான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஓடுகிற உலை இரவு பகல் பார்க்காது. மழைக்கும் மேகத்துக்கும் அசையாது. தலா 1000 மெகாவாட்டில் இரண்டு உலைகள். அந்த மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அதே 1000 மெகாவாட்டுக்குக் காற்றாலைகளை நட்டால், ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பார்க்கையில் அதில் கால் பங்கை ஒட்டித்தான் கிடைக்கும்.

ஆனால் உலை நிற்கும்போது மொத்தமாக நிற்கிறது. எங்கோ ஒரு கோளாறு, பாதுகாப்புக் கருவி உலையை அணைத்துவிடும், அணைக்கத்தான் வேண்டும். அந்த நொடியில் 1000 மெகாவாட் காணாமல் போகும். எரிபொருள் மாற்றுவதென்றால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிறுத்தம். 2022-ல் பிரான்சில் குழாய் அரிப்பும் பராமரிப்பும் சேர்ந்து பாதி உலைகளை முடக்கிப் போட்டன. வந்து சேரும் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-ல். முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். 2012-ன் மின்வெட்டில் நாம் வெந்தபோது அது வரவில்லை.

காற்றாலை தனியாக ஒன்று நின்றால் யாருக்கும் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியில் கிளம்பி உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காத்தாடிகளைப் புரட்டாசி வரை சுற்ற வைக்கும் என்பது இந்தப் பக்கத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். வராத மாதங்களும் தெரியும். அதனால்தான் தேக்கிவைக்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறேன். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980களின் இறுதியிலிருந்தே அதைச் செய்கிறது: மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை உச்சத்துக்குப் போகும் மாலையில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். அப்படி இன்னும் நாலைந்து கட்டியிருக்க வேண்டும். குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் தொடங்கிய வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. காற்று மிகுந்த நாட்களில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிக்கொண்டே, காற்றை நம்ப முடியாது என்றும் சொன்னோம்.

விவசாய மோட்டாருக்கு அந்தத் தேக்கமும் பெரிதாகத் தேவையில்லை. மரத்துக்குப் பகலில் தண்ணீர் பாய்ச்சினால் போதும். வெயிலும் பகலில்தான் இருக்கிறது. ராத்திரி டார்ச்சும் கையுமாக, பாம்புக்குப் பயந்து மோட்டார் ரூமுக்கு ஒரு மனிதரை ஏன் அனுப்ப வேண்டும்? காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, அறுபடாத மும்முனை. விவசாய மின்பாதைகளைத் தனியே பிரித்து, பக்கத்திலேயே சூரியத் தகடுகள் போட்டு, அதை ஆயக்குடியிலிருந்தே தொடங்கலாம்.