நீர்கொழும்பு: எங்கள் கரைக்கு வருகிறவர்களின் ஊர்

எங்களில் பலருக்கு நீர்கொழும்பு ஓர் ஊரே அல்ல; விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு. கொழும்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 37 கிலோமீற்றர். கட்டுநாயக்க பக்கத்தில்தான். யுத்த காலத்தில் எங்கட மாமா அங்கே ஒரு லொட்ஜில் ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காக இரண்டு மாதம் காத்திருந்தார். அந்த ஊரைப் பற்றி அவருக்கு நினைவில் இருப்பது மின்விசிறிச் சத்தமும் பொலிஸ் பதிவும்தான். ஒல்லாந்தர் கோட்டையின் 1678ஆம் ஆண்டு வாயிலுக்குள் இன்று சிறைச்சாலை இருக்கிறது. சாப்பாட்டுப் பொதியோடு அந்த வாசலில் நின்ற தாய்மாரின் நீர்கொழும்பு வேறொன்று.

நானும் அந்த ஊரை ஊராகப் பார்த்தது பிந்தித்தான். மீன் சந்தைக்குப் பக்கத்தில் மணலில் கருவாடு காயப்போட்டிருந்த ஒரு முதிய அம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விலை கேட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

“தம்பி எந்த ஊர்?”

“முல்லைத்தீவு, அம்மா.”

“எங்கட அப்பா கொக்கிளாய்க்குத் தொழிலுக்குப் போறவர். இப்ப மகன் போறான்.”

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த மகன் தலையை நிமிர்த்திச் சிரித்தான். தாய் சொன்னது அவனுக்கு விளங்கியது. பதிலைச் சிங்களத்தில்தான் சொன்னான்.

நீர்கொழும்புக் கரையோரக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இரு மொழி பேசியவை. குடிசன மதிப்பீட்டில் அவர்கள் சிங்களவர். வீட்டுக்குள்ளும் வள்ளத்திலும் தமிழ். அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீவன் பொன்டா இந்தத் தமிழை ஆராய்ந்திருக்கிறார். சிங்களத்தின் செல்வாக்கால், ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினைமுற்று மாறும் வழக்கம் இதில் அற்றுப்போயிருக்கிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பாடசாலையும் பூசையும் சிங்களத்துக்கு மாறிய பின்னர் தமிழ் கிழவிமாரிடம் ஒதுங்கிவிட்டது. ஒரே நாளில் யாரும் அதைத் தடைசெய்யவில்லை. பிள்ளைக்கு எந்த மொழியில் வேலை கிடைக்கும் என்று தாய் தகப்பன் கணக்குப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கடற்கரைத் தெருவில் அம்மன் கோயில்களும், அந்த ஊரில் விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரியும் இருப்பதால், தமிழராகவே வாழும் ஒரு சிறு சமூகமும் அங்குண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களுக்குப் பெயர் வைக்க எங்கள் அரசியலிலும் இடமில்லை, அவர்களுடையதிலும் இல்லை.

அந்த மகனின் பயணம்தான் எங்களுக்கு முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் அடங்கும். அதனால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் பருவத்துக்கு வடகிழக்கு வந்து வாடி அமைப்பது யுத்தத்துக்கு முந்திய வழக்கம். 1984 டிசம்பரில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். இதை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அதே மாதத்தில் எங்கள் கரையோரக் கிராமத்துச் சனங்கள் ஒரே உடுப்போடு விரட்டப்பட்டதை அவர்கள் அறவே பேசுவதில்லை.

2009க்குப் பின்னர் வந்தவர்கள் பழைய விருந்தாளிகளாக வரவில்லை. இராணுவம் நிற்கும் கரைக்கு, அனுமதிப் பத்திரத்தோடும் அது இல்லாமலும் வந்தார்கள். மீளக்குடியேறியவனுக்கு வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் எரிந்தன. ஆகவே நீர்கொழும்பு மீனவன் என்றால் எங்கள் கடலைப் பறிப்பவன் என்று முல்லைத்தீவில் ஒருவர் சொன்னால், அந்தக் கோபத்தை நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் ஏன் வருகிறான் என்ற கேள்விக்குப் பருவக்காற்று மட்டும் பதிலாகாது.

அவனுடைய கடலுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். கொழும்புத் துறைமுக நகரை நிரப்ப நீர்கொழும்புப் பக்கத்துக் கடலடியிலிருந்து மணல் அள்ளினார்கள். மீன் வளரும் பாறைகள் அழிகின்றன என்று 2016இல் மீனவரும் குருவானவர்களும் போராடினார்கள். மணல் போனது, நகரம் எழுந்தது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது பிளாஸ்ரிக் மணிகள் இந்தக் கரையில்தான் பனிபோலக் கொட்டிக் கிடந்தன, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. கப்பல் நிறுவனம் நூறு கோடி அமெரிக்க டொலர் செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட 2025 ஜூலை ஆனது. மகன் சொன்ன கணக்கு சுருக்கமானது: இங்கே பிடிபடுவது டீசலுக்குக் காணாது.

தலைநகருக்குப் பக்கத்தில் இருப்பது வரம் என்று நினைக்கிறோம். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 142,000 பேர் வாழ்ந்த இந்த மாநகரத்துக்கு அதிவேகப் பாதையும் ஹோட்டல்களும் கிடைத்தன. கொழும்புக்கு வேண்டியதெல்லாம் இதன் கடலிலிருந்து போயிற்று.

2019 ஏப்ரல் 21 அன்று கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அம்மாவின் உறவுக்காரர் ஒருவரும் அதில் அடக்கம். அடுத்த சில நாள்களில் இதே ஊரில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான் அகமதிய அகதிகள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். அவர்களும் தங்கள் நாட்டில் மதத்தின் பெயரால் அடிபட்டு வந்தவர்கள்தான். முன்னெச்சரிக்கை இருந்தும் தடுக்கவில்லை என்பதற்காக 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் பின்னால் இருந்தார்கள் என்ற கேள்வியோடு அந்தக் குடும்பங்கள் இன்னமும் நிற்கின்றன. முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னேன். அப்படி வீதியில் இருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. “எத்தனை வருசமா?” என்று கேட்டார். சொன்னேன். மகனிடம் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். அவன் வலையைக் கீழே வைத்தான்.

“நாயாற்றில் எங்களோடு யாரும் கதைப்பதில்லை,” என்றான். “எனக்குத் தமிழ் விளங்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.”

நீயும் சொல்லவில்லையா என்று கேட்டேன். தாய் கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே மொழிபெயர்த்தார். அவன் சொல்லவில்லையாம்.