தடி எடுத்தவன் எல்லாம் ரேஸ்காரன்

ரொம்ப நாளா மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டிருந்த விஷயம். இன்னிக்கு இறக்கி வெச்சுடறேன். கார்ப் பைத்தியங்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். நானும் அந்த ஜமாவில் ஒருத்தன்தான், அதனால திட்டுற உரிமை எனக்கு உண்டு. :-)

எங்க ஊர் கோயமுத்தூர். பக்கத்துல செட்டிப்பாளையத்துல ரேஸ் டிராக். 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயன் எங்க ஊரு. இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சவனுக்கெல்லாம் தானும் பாதி நரேன்னு ஒரு நினைப்பு. நாலு பேர் டீக்கடையில கூடினா பேச்சு கடைசியில இங்கதான் வந்து நிக்கும்: "வளைவுல வண்டி சாயுதா? பின்னாடி தடிமனா ஒரு ஸ்வே பார் போட்டுடு மாப்ளே. தண்டவாளத்துல போற மாதிரி போகும்."

போட்டேன். முன்சக்கரம் இழுக்கிற சாதாரண ஹேட்ச்பேக். பட்டறையில ஒரே மதியத்துல வேலை முடிஞ்சது. அவினாசி ரோட்டுல ஒரு ரவுண்டு வந்தேன். அடடா, வண்டி சாயவே இல்லை. ஒரு மாசம் பாக்கிறவன்கிட்ட எல்லாம் பீத்திக்கிட்டு அலைஞ்சேன்.

அடுத்த மாசம் வால்பாறை. திரும்பி வரும்போது நல்ல மழை. ஆழியாறு வரைக்கும் நாப்பது கொண்டை ஊசி வளைவு. லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிற ஒன்பதாவது வளைவுக்கு நாலஞ்சு வளைவு மேலே, கொஞ்சம் வேகம் அதிகமாயிடுச்சேன்னு பாதி வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் கழண்டு வெளியே போச்சு. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன், அது இந்தப் பக்கம் வீசி எறிஞ்சது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி, வந்த பாதையைப் பார்த்துக்கிட்டு வண்டி நின்னது. மேலே இருந்து பஸ் எதுவும் வரலை. பின் சீட்டுல பொண்ணு தூக்கம் கலைஞ்சு, "அப்பா, ஊரு வந்துருச்சா?"ன்னு கேட்டா. வீட்டுக்காரம்மா கோயமுத்தூர் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

இனி மேட்டருக்கு வருவோம்.

ஸ்வே பார்னா என்ன? நம்ம மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் ராடும்பாங்க. 'ப' மாதிரி வளைஞ்ச ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி புஷ் போட்டு வண்டியின் அடியில உக்காந்திருக்கும். ரெண்டு முனையும் லிங்க் வழியா இடது, வலது சஸ்பென்ஷனைப் பிடிச்சிருக்கும். ஸ்பீடு பிரேக்கர்ல நேரா ஏறினா ரெண்டு சக்கரமும் சேர்ந்து தூக்கும், கம்பி சும்மா சுழலும், வேலையே இல்லை. வளைவுல ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும்போதுதான் கம்பி முறுக்கிக்கிட்டு சாய்வைத் தடுக்கும்.

சாய்வு குறைஞ்சா பிடிமானம் கூடும்னு நினைக்கிறோம் பாருங்க, முதல் பொய் அதுதான். 1000 கிலோ வண்டி, எடை மையம் தரையில இருந்து 55 செ.மீ. உயரம், சக்கர இடைவெளி 1.4 மீட்டர்னு வெச்சுக்குவோம். வளைவுல பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் 0.7 மடங்கு. 1000ஐ 0.7ஆல, 0.55ஆல பெருக்கி 1.4ஆல வகுத்தா 275. அத்தனை கிலோ உள்பக்க டயர்கள்ல இருந்து வெளிப்பக்க டயர்களுக்கு மாறியே தீரும். நீங்க சுண்டுவிரல் கம்பி போட்டாலும் சரி, உலக்கையையே போட்டாலும் சரி, இந்தக் கணக்கு அசையாது. கம்பி முடிவு பண்றது ஒண்ணே ஒண்ணுதான்: அந்த 275ல முன் அச்சு எவ்வளவு வாங்கணும், பின் அச்சு எவ்வளவு வாங்கணும்.

கோயில் சப்பரம் தெருமுனையில திரும்புறதைப் பார்த்திருப்பீங்க. வெளிப்பக்கத் தோள்களுக்கு பாரம் சாயும். அது யாராலயும் தடுக்க முடியாது. முன்னாடி நிக்கிறவன் அதிகம் வாங்குறானா, பின்னாடி நிக்கிறவனான்னு மட்டும் மாத்தலாம். அதிகம் வாங்கினவனுக்குத்தான் முதல்ல கால் வழுக்கும். டயரும் அப்படித்தான். பாரம் ரெண்டு மடங்கானா பிடிமானம் ரெண்டு மடங்கு ஆகாது, குறைச்சலாத்தான் ஏறும். அதனால எந்த அச்சுல கம்பியை விறைப்பாக்குறீங்களோ அந்த அச்சோட மொத்தப் பிடிமானம் குறையுது. பின்கம்பி தடிமனானா முன்பக்கம் நல்லாத் திரும்புற மாதிரி தெரியும். பின்பக்கத்துக்கிட்ட இருந்து பிடுங்கித்தான் முன்பக்கத்துக்குக் கொடுத்திருக்கோம். மழையில, இறக்கத்துல, கால் எடுத்த நொடியில பின்பக்கம் இன்னும் லேசாகும்போது அந்தக் கடனை வட்டியோட கட்டணும். நான் கட்டினேன்.

ரெண்டாவது பொய், "ரெண்டு மில்லிமீட்டர்தானே" என்கிறது. முறுக்கு விறைப்பு விட்டத்தின் நாலாவது அடுக்குல ஏறும். 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினா 46 சதவீதம் கூடும். 24 ஆக்கினா ரெண்டு மடங்குக்கும் மேல. ஆனா அதே 22 மி.மீ. கம்பி 3 மி.மீ. சுவர் உள்ள குழாயா இருந்தா, பழைய 20 மி.மீ. கட்டிக் கம்பியைவிட 5 சதவீதம்தான் அதிகம். கடைக்காரன் ரெண்டையும் "இருபத்திரண்டு"ன்னுதான் சொல்வான். கம்பியோட கை நீளமும் கணக்கு: 300 மி.மீ. கையை 270 ஆக்கினா விறைப்பு 23 சதவீதம் ஏறும். முனையில மூணு ஓட்டை போட்டிருக்கிறது இதுக்குத்தான். என் வண்டியில எந்த ஓட்டையில மாட்டியிருந்தாங்க தெரியுமா? ரொம்ப விறைப்பான ஓட்டையில. கேக்க எனக்கும் தோணலை, சொல்ல அவங்களுக்கும் தோணலை.

இன்னொண்ணு. ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி வண்டிகள்ல பின்னாடி இருக்கிறது ட்விஸ்ட் பீம். அந்த அச்சே முறுக்கிக் கொடுத்து ஸ்டெபிலைசர் வேலையையும் பார்க்குது. அதுக்கு மேல ஒரு கம்பியைக் கட்டினா, ஏற்கெனவே இருக்கிற விறைப்போட இது கூடும்னு எத்தனை பேர் யோசிக்கிறோம்?

"கம்பெனிக்காரன் செலவு மிச்சம் பிடிக்க ஒல்லியா போடறான்"னு ஒரு வாதம் வரும். அப்படிச் செய்த கதையும் உண்டு, ஆனா அது இவங்களுக்கே எதிரா திரும்புற கதை. அமெரிக்காவுல 1960 மாடலா வந்த ஷெவர்லே கார்வேர். பின்னாடி எஞ்சின், பின்னாடி ஸ்விங் ஆக்சில். முன்பக்கம் ஸ்டெபிலைசர் கம்பி வழக்கமா வரலை. அதுக்குப் பதிலா டயர் காத்துலயே சமாளிச்சாங்க, முன்னாடி 15 பி.எஸ்.ஐ., பின்னாடி 26. நாலு டயருக்கும் ஒரே மாதிரி காத்தடிச்சா கதை கந்தல். 1964 மாடல்ல முன்கம்பி வந்தது, 1965ல பின் சஸ்பென்ஷனே புதுசாச்சு. அதே 1965ல ரால்ஃப் நேடர் எழுதின புத்தகத்தோட முதல் அத்தியாயமே இந்த வண்டிதான். அந்தக் காலத்து மத்த வண்டிகளைவிட இது மோசமில்லைன்னு 1972ல அமெரிக்க அரசோட ஆய்வு சொல்லிச்சு, அதையும் மறைக்க வேண்டாம். ஆனா பின்பக்கம் வீசுற வண்டிக்கு மருந்தா வந்தது எந்தக் கம்பி? முன்கம்பி. நாம மருந்தைத் தலைகீழாக் குடிக்கிறோம். கம்பெனி கொஞ்சம் முன்பக்கம் வழுக்குற மாதிரியே வண்டியைக் கொடுக்கிறதுக்குக் காரணம் உண்டு. பயந்தவன் காலை எடுப்பான். முன்பக்கம் வழுக்குற வண்டி அப்போ தானா பிடிச்சுக்கும். பின்பக்கம் வழுக்குற வண்டி இன்னும் வீசும்.

நியாயமாச் சொல்லணும்னா, பின்கம்பி ஆட்களும் முழுப் பொய் சொல்லலை. டிராக்ல முன்சக்கர வண்டிக்கு விறைப்பான பின்கம்பி உள்பக்க முன்சக்கரத்தைத் தரையில வெச்சு, வளைவை விட்டு வெளியே வரும்போது இழுவை கொடுக்கும். மெக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியில சாய்வு அதிகமானா முன் டயரே வெளிப்பக்கம் சரியும், அங்க முன்கம்பியை விறைப்பாக்கினா முன்பிடிமானம் கூடறதும் உண்டு. ஆனா டிராக்ல வெளியே போனா மணல். வால்பாறையில வெளியே போனா?

அப்போ எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது? எங்க பழைய மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கிப் பார்த்துட்டு, "ஏனுங் சார், முன்னாடி லிங்க்கு ரெண்டும் லொடலொடன்னு ஆடுது. டயரு கட்டாந்தரை. அதையெல்லாம் உட்டுப்போட்டு பின்னாடி போய்க் கம்பி மாட்டியிருக்கீங்க"ன்னாரு. செவிட்டுல அறைஞ்ச மாதிரி இருந்தது. முதல்ல டயர், காத்து. அப்புறம் லிங்க், புஷ். அப்புறம் அலைன்மென்ட். அதுக்கப்புறமும் குறை இருந்தா, எந்தப் பக்கம் முதல்ல வழுக்குதுன்னு காலி மைதானத்துல பார்க்கணும். சாயுதுங்கிறது குறையே இல்லை. முன்பக்கம் வழுக்கினா முன்கம்பியைக் குறைக்கலாம், இல்ல பின்கம்பியை ஏத்தலாம். ஏதாவது ஒண்ணு, ஒரு படி மட்டும், மென்மையான ஓட்டையில இருந்து ஆரம்பிச்சு. முன்னும் பின்னும் ஒரே அளவுல ஏத்தினா சாய்வு குறையும், சமநிலை ஏறக்குறைய அங்கேயே நிக்கும், காசு மட்டும் போகும். கடைசியா, ஈரத்துல ஓட்டிப் பார்க்காம வீட்டு ஆளுங்களை ஏத்தக் கூடாது.

லிங்க் மாத்தி, டயர் மாத்தி, அந்தத் தடியைக் கழட்டிட்டேன். வண்டி இப்போ கொஞ்சம் சாயுது. போன மாசம் மறுபடி வால்பாறை போனோம். இறங்கும்போது மழையும் வந்தது. வீட்டுக்காரம்மா வழி முழுக்க என்னைத் திட்டிக்கிட்டே வந்தாங்க, காதுக்கு அவ்வளவு இனிமையா இருந்தது.

பி.கு.: அந்தக் கம்பி இன்னும் பரண்ல கிடக்கு. யாராச்சும் விலைக்குக் கேட்டா கொடுக்கறதா இல்லை.