இரும்புச்சத்து டானிக்

ஆறு மாசத்துல என் பிள்ளை முகம் வெளுத்துச்சு. பல்லு முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்னாங்க. அப்புறம் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தாங்க. பாட்டில் பாட்டிலா ஊத்தினேனே! இந்தக் கையாலதானே ஊத்தினேன்!

தலசீமியா மேஜர். அந்தப் பேரை நான் கேட்டப்ப அவனுக்கு ஒன்றரை வயசு. மண்ணீரல் வீங்கி வயிறு உப்பியிருந்தது. உடம்புல சிவப்பணு ஊறுது, நிக்க மாட்டேங்குது, உடைஞ்சு போயிடுது. மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும். ஒரு யூனிட் ரத்தத்துல சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்காம். அதை வெளியேத்த உடம்புக்கு வழி கிடையாது. இதயத்துலயும் ஈரல்லயும் போய்ப் படியுது. அதை இறக்கத் தினமும் மாத்திரை. ஆஸ்பத்திரிக்காரங்களே, அந்தப் பிள்ளைக்குத்தான் இரும்பு டானிக் கொடுத்தீங்க!

அவனை வயித்துல சுமந்தப்ப எனக்கும் அதே இரும்பு மாத்திரைதான். ரத்தம் கம்மி, கீரை சாப்பிடும்மான்னு சொன்னீங்களே, என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை முழுசாப் படிச்சீங்களா? சிவப்பணு சின்னதா இருக்குன்னு அதிலேயே இருந்தது. நான் தலசீமியாவைச் சுமக்கிறேனான்னு தெரிய, ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டுதான்னு இன்னொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோணலையா? 1925-லயே அமெரிக்காவுல கூலிங்கிற டாக்டர் இந்த நோயை எழுதி வச்சுட்டாராம். நூறு வருஷத்துல அது எங்க ஊர் விராலிமலைக்கு வந்து சேரலையா? நாலுவழிச் சாலை ஊரை ஒட்டித்தானே போகுது!

அத்தை, என் ரத்தம்தான் கெட்ட ரத்தம்கிறீங்க. எங்கப்பா உங்க கூடப்பிறந்தவர்தானே? பழுதான மரபணு எங்கிட்ட ஒண்ணு, உங்க மகன்கிட்ட ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் பிள்ளைக்கு இது வரும். டாக்டர் படம் போட்டுக் காட்டினப்ப நீங்களும் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?

இப்ப என் தங்கச்சியை அதே வீட்டுச் சின்ன மகனுக்குப் பேசி முடிச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ரத்தம் பார்ப்போம்னேன். நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாதேங்கிறாங்க. மலைமேல சண்முகநாதருக்குச் சுருட்டு வச்சு நானும்தான் கும்பிட்டேன். சாமி வேற, சோதனை வேற. ரெண்டு பேருக்கும் இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுக்கு ஒண்ணு இப்படிப் பிறக்கலாம். அந்த ஒண்ணைப் பெத்தவ நான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு ரத்தம் ஏத்துற நாள். தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுத் திருச்சி பஸ் ஏறப் போறேன். தடுக்கிறவங்க கூட வாங்க. அவன் கையில நரம்பு கிடைக்காம ஊசியை மாத்தி மாத்திக் குத்துறதைப் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, அப்புறம் தடுங்க.