இரவு எங்கே தங்குவது?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் ஆசிரியர் அறையில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். "எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தீர்கள்?" என்று கேட்டுக்கொள்வோம். "இரவு எங்கே தங்கினீர்கள்?" என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. விடிய விடிய வண்டி ஓட்டியவரே நம்மிடையே வீரர். இந்த வீண்பெருமை ஒழிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் அப்பெருமையில் திளைத்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை சிப்புட்டில் உறவினர் இல்லத் திருமணம். அது முடிந்ததும், கிளந்தான் மாநிலத்தின் கோலகிராயில் பணியாற்றிய நண்பரைக் காணக் குடும்பத்தோடு புறப்பட்டேன். செனாயிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையையும் பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம். கிரிக் பட்டணத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உணவுக்கடையிலிருந்த மலாய் அம்மையார் என் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இரவில் யானைகள் சாலைக்கு வரும், காலையில் போங்கள் என்றார். என் மனைவியும் அதையே சொன்னார். நான் கேட்கவில்லை.

கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் இச்சாலை ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளமுடையது. 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கம்யூனிஸ்டுப் படையினரின் அச்சுறுத்தல் இருந்த அக்காலத்தில் இரவில் இதில் செல்ல அனுமதி இல்லை. 1989ஆம் ஆண்டு ஹாட்யாய் உடன்படிக்கைக்குப் பின் அந்த அச்சம் அகன்றது. ஆனால் காடும் மலையும் வளைவும் மூடுபனியும் அப்படியே இருக்கின்றன. பல இடங்களில் விளக்கும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை.

கிரிக்கைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு வளைவில் திரும்பியபோது சாலையோரத்தில் பாறை ஒன்று நிற்பதாகத் தோன்றியது. பாறை அசைந்தது. யானை! அழுத்திய வேகத்தில் வண்டி குறுக்கே திரும்பி நின்றது. பின்னால் வந்த சரக்குந்து எங்களை உரசாமல் விலகிச் சென்றது இறையருள் என்றே சொல்வேன். என் மகள் அழவில்லை. "அப்பா, நாம் ஏன் அங்கேயே தூங்கவில்லை?" என்று மட்டும் கேட்டாள். இன்றுவரை அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

அன்றிரவு தெமெங்கோர் ஏரியின் பண்டிங் தீவை அடைந்து, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்த ஓரிடத்தில் அனுமதி கேட்டு, வண்டியிலேயே நால்வரும் உறங்கினோம். தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. விடியலில் ஏரியின்மேல் பனி விலகியதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

2025ஆம் ஆண்டு இச்சாலை இருமுறை நம்மை உலுக்கியது. மே 11ஆம் நாள் விடியுமுன் சரக்குந்து மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. தாய் யானை அவ்வண்டியை விட்டு நகராமல் தலையை முட்டி நின்ற காட்சியை நாடே கண்டது. சூன் 9ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற பேருந்து கிரிக் அருகே கவிழ்ந்து 15 பேர் மாண்டனர். ஆசிரியராகும் கனவோடு படித்த பிள்ளைகள் அவர்கள். அவ்விபத்துக்கு உறக்கமே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. இருளில் இந்த மலைச்சாலை எந்தப் பிழையையும் மன்னிப்பதில்லை என்பதையே சொல்கிறேன்.

"இரவில் நெரிசல் இல்லை, வெயில் இல்லை, பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள்" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஓட்டுநரின் உடலும் உறக்கத்தையே கேட்கிறது. யானைகள் இச்சாலையைக் கடப்பதும் பெரும்பாலும் இரவில்தான்.

அப்படியானால் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கலாமா? கூடவே கூடாது. 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் உரிமம் பெறாத முகாம் நிலத்தின்மீது மண் சரிந்து 31 உயிர்கள் போயின. அவர்களுள் விடுமுறைக்குச் சென்ற ஆசிரியர்களும் அவர்தம் குடும்பத்தாரும் இருந்தனர். ஆகவே சரிவின் அடியிலும் ஆற்றங்கரையிலும் தங்காதீர்கள். மேலே பெய்த மழை, கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். யானை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், காட்டை ஒட்டிய சாலையோரத்திலும் நிறுத்தாதீர்கள்.

இவ்வழியில் நான் நம்பும் இடங்கள் நான்கு: கிரிக் பட்டணம், பண்டிங் தீவு, பேராக் கிளந்தான் எல்லையிலுள்ள தித்திவங்சா ஓய்விடம், மலையிறங்கியபின் ஜெலி வட்டாரத்துப் பத்து மெலிந்தாங். எங்காயினும் பொழுது சாயுமுன் போய்ச் சேருங்கள். அங்கிருப்பவரிடம் கேட்டுத் தங்குங்கள். கிரிக்கிலேயே எண்ணெயும் குடிநீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்காதீர்கள். நச்சுப்புகை ஓசையின்றிக் கொல்லும். உணவு மிச்சத்தை வெளியே போடாதீர்கள். அது விலங்குகளைச் சாலைக்கு அழைப்பதாகும்.

நம் கவனம் மட்டும் போதாது. பண்டிங்கிலும் தித்திவங்சாவிலும், ஏற்கெனவே திருத்தப்பட்ட நிலத்திலேயே, விளக்கும் காவலும் கழிப்பறையும் கொண்ட இரவுத் தங்கிடத்தை அரசு முறையாக அறிவிக்க வேண்டும். இதற்கென ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. கல்விச் சுற்றுலாவுக்கு ஒப்புதல் தருமுன், "இரவு எங்கே தங்குவீர்கள்?" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேட்கட்டும். விடையில்லையேல் கையொப்பமும் இல்லை என்று சொல்லட்டும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! இவ்விடுமுறையில் வரைபடத்தை விரித்ததும், போய்ச் சேரும் ஊரைக் குறிக்குமுன் தங்கும் இடத்தைக் குறியுங்கள். ஒருநாள் தாமதமாகச் சென்றால் உறவினர் கோபித்துக்கொள்ளலாம், மறுநாள் சிரித்துவிடுவர். என் மகள் கேட்ட கேள்வியை உங்கள் பிள்ளைகள் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.