ரந்தாவ் தொகுதி: கால் பங்கு இந்திய வாக்குகளின் பலம் எவ்வளவு?

நெகிரி செம்பிலானின் 36 சட்டமன்றத் தொகுதிகளில் இந்தியர்களின் வாக்குகளை எந்தக் கட்சியும் ஒதுக்கிவிட முடியாத தொகுதி ரந்தாவ். 2019 இடைத்தேர்தலின்போது அங்கு 20,926 வாக்காளர்கள் இருந்தனர். பாதிக்குச் சற்று மேல் மலாய்க்காரர்கள், கால் பங்குக்குச் சற்று மேல் இந்தியர்கள், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சீனர்கள். அப்படியிருந்தும் அங்குள்ள இந்தியர்களின் வாக்குக்கு உண்மையில் எவ்வளவு பலம் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

சிரம்பானுக்குத் தெற்கே இருக்கிறது ரந்தாவ். நிர்வாகத்தில் அது சிரம்பான் மாவட்டம். நாடாளுமன்றத் தேர்தலில் ரெம்பாவ் தொகுதி. மலாய் கம்பங்கள், சிறு பட்டணம், கொம்போக் போன்ற தோட்டங்கள், பின்னாளில் எழுந்த தாமான்கள் எல்லாம் கலந்த வட்டாரம் இது. ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம்மவர்களின் பிள்ளைகள் செனாவாங், சிரம்பான், நீலாய் என்று வேலை தேடிப் போனார்கள். லயத்தில் ஒன்றாக இருந்த வாக்குகள் இன்று பல தாமான்களில் சிதறிக் கிடக்கின்றன.

2004 முதல் இத்தொகுதியை வைத்திருப்பவர் அம்னோவின் டத்தோஸ்ரீ முகமட் ஹசான். 2004 முதல் 2018 வரை மாநில மந்திரி பெசாராகவும் இருந்தவர். 2013 பொதுத்தேர்தலில் அவருக்கு 10,126 வாக்குகள், எதிர்த்து நின்ற பி.கே.ஆர். வேட்பாளருக்கு 5,513. பெரும்பான்மை 4,613.

2018இல் ரந்தாவ் மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. வேட்புமனுத் தாக்கல் நாளான ஏப்ரல் 28ஆம் தேதி, அனுமதி பாஸ் இல்லை என்று கூறி பி.கே.ஆர். வேட்பாளர் டாக்டர் எஸ். ஸ்ரீராம் மையத்துக்குள் விடப்படவில்லை. முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். மே 9ஆம் தேதி மாநிலத்தில் 20 இடங்களை வென்று பக்காத்தான் ஹராப்பான் ஆட்சியைப் பிடித்தபோது, ரந்தாவ் வாக்காளர்கள் சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கும் போடாமல் அந்த மாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் ஸ்ரீராம் நீதிமன்றம் போனார். 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2019 ஏப்ரல் 13ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. முகமட் ஹசானுக்கு 10,397, டாக்டர் ஸ்ரீராமுக்கு 5,887, இரண்டு சுயேச்சைகளுக்கும் சேர்த்து 162. பெரும்பான்மை 4,510.

இரு தேர்தல்களின் எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஆறு ஆண்டுகள். மத்தியிலும் மாநிலத்திலும் ஆட்சி மாறிவிட்டது. எதிர்த்து நின்றவர் தமிழர். ஆனாலும் இரு தரப்பிலும் சில நூறு வாக்குகளே கூடின.

முடிவு மாற வேண்டுமானால் 2,256 வாக்குகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்க வேண்டும். பட்டியலில் இருந்த இந்தியர்கள் சுமார் 5,400 பேர். அன்று வாக்களித்தோர் விகிதம் சுமார் 79 விழுக்காடு; அதை வைத்துப் பார்த்தால் விழுந்த இந்திய வாக்குகள் ஏறக்குறைய 4,300. இதில் ஒரு பகுதி முன்பே ஹராப்பான் பக்கம் இருந்திருக்கும். ஆகவே நம் வாக்கு மட்டும் அந்த முடிவைப் புரட்டியிருக்காது. மற்ற சமூகங்களின் வாக்குகளும் நகர்ந்தால்தான் கால் பங்கு தராசைச் சாய்க்கும்.

2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி மாநிலத் தேர்தலில் களமே வேறு. ஒன்றை ஒன்று எதிர்த்துவந்த ஹராப்பானும் தேசிய முன்னணியும் ஒரே அணியில் நின்றன. ரந்தாவில் மீண்டும் முகமட் ஹசான், எதிரே பெரிக்காத்தான். நம்மவர்கள் இத்தனை காலம் பிரிந்து வாக்களித்துவந்த இரண்டு தரப்பும் ஒன்றாகிவிட்டதால், இவரா அவரா என்ற பழைய கேள்வி காணாமல் போனது.

அதே தேர்தலில் ம.இ.கா. எங்கும் போட்டியிடவில்லை. அக்கட்சி 2013இலும் 2018இலும் வென்ற ஜெம்போல் வட்டாரத்து ஜெராம் பாடாங் தொகுதி அம்னோ வேட்பாளருக்குப் போனது, அவர் வென்றார். ஹராப்பான் 17, தேசிய முன்னணி 14, பெரிக்காத்தான் 5 என முடிவு வந்தது. நீலாயில் ஜே. அருள்குமார், ரெப்பாவில் எஸ். வீரப்பன் என ஜ.செ.க. தொகுதிகளில் தமிழ்ப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். தேசிய முன்னணியின் 14 பேரும் அம்னோவினர்.

கூட்டணிகள் இடங்களைப் பங்கிடும்போது வாக்காளர்களைக் கேட்பதில்லை. வாக்காளர் தம் கையில் வைத்திருப்பது பட்டியலில் உள்ள பெயர் ஒன்றுதான். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளராகிறார்கள்; மைகார்ட்டில் உள்ள முகவரிதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது. தோட்டத்தை விட்டு வந்தும் முகவரியை மாற்றாத பிள்ளையின் வாக்கு, அவர் வாழாத தொகுதியிலேயே கிடக்கும். முன்பே பதிவானவர்கள் முகவரியை மாற்றியபின் தொகுதி மாற்றத்துக்கும் தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

பள்ளி, கோயில் நிலம், வீட்டுப் பட்டா என்று கோரிக்கை வைக்கும்போது அரசியல்வாதி முதலில் பார்ப்பது, கேட்பவர்களில் எத்தனை பேர் தன் தொகுதியில் வாக்களிக்கிறார்கள் என்பதைத்தான். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதை இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.