சூரியன் மறையாத சாலையில்

 

18 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், தொழுகை நேரங்கள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “ஹஜ்ரத், சூரியனே மறையாத ஊர் ஒன்று இருந்தால் அங்கே மஃரிபு எப்போது?” என்று கேட்டான். “நீ அங்கே போய்ச் சேரும்போது பார்த்துக்கொள்ளலாம், உட்கார்” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், இஷா முடித்து வீடு திரும்பியபோது தொலைபேசி மணி அடித்தது. கனடா நாட்டின் கால்கரி நகரில் பணிபுரியும் அதே மாணவர்தான் பேசினார். “ஹஜ்ரத், மச்சானும் நானும் வண்டியிலேயே வடக்கே வந்திருக்கிறோம். இப்போது டாசன் நகரில் இருக்கிறோம். நாளைக் காலை அந்த ஊருக்குப் புறப்படுகிறோம். இப்போதாவது சொல்லுங்களேன், அங்கே மஃரிபு எப்போது?”

எனக்குச் சுருக்கென்றது. “ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் தம்பி” என்று சொல்லிவிட்டு, கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். என்னைவிட மூத்த ஆலிம் ஒருவரிடமும் தொலைபேசியில் கேட்டேன். என்ன விடை கிடைத்தது என்பதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் திரும்பியபின் அவர் எழுதிய நீண்ட மடலிலிருந்தும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றிலிருந்தும் இதைத் தருகிறேன்.

கனடாவின் வடமேற்கு மூலையில் யூக்கான் என்னும் பெருநிலப்பரப்பு உள்ளது. அங்கே டாசன் நகருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே, நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சரளைக்கல் சாலை பிரிந்து வடக்கு நோக்கிச் செல்கிறது. அதன் பெயர் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. முடிவில் உள்ள இனுவிக் என்னும் சிற்றூர்வரை அதன் நீளம் ஏறத்தாழ 740 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை உள்ள தொலைவைவிடச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் சாலையில் எத்தனை நகரங்கள், எத்தனை தேநீர்க் கடைகள், எத்தனை பள்ளிவாசல்கள்! அந்தச் சாலையிலோ தொடக்கத்திலிருந்து 369 ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ் என்னும் தங்குமிடம்வரை ஓர் ஊரும் இல்லை, எண்ணெய் நிலையமும் இல்லை. சென்னையில் எண்ணெய் நிரப்பியவர் திருச்சியையும் தாண்டிய பிறகே அடுத்த சொட்டைக் காண்பார் என்பது போன்றது இது.

1950களின் இறுதியில் தொடங்கிய சாலைப் பணி 1979 இல்தான் நிறைவுற்றது. தாமதத்திற்குப் பணமுடை மட்டும் காரணமன்று. அங்குள்ள மண் அப்படிப்பட்டது. மேலே ஒரு சாண், இரு சாண் ஆழம்வரைதான் கோடையில் இளகும். அதன் கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம். மேற்பரப்பிலுள்ள பாசியையும் புல்லையும் அகற்றினால் வெயில் உள்ளே இறங்கும். உறைந்த நிலம் உருகிச் சேறாகும். அதன்மேல் போட்ட சாலையும் அமிழ்ந்துபோகும். ஆகவே பொறியாளர்கள் நிலத்தைத் தோண்டவில்லை. அதன்மேல், சில இடங்களில் ஓர் ஆளுயரத்திற்கும் அதிகமாக, சரளையைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டின்மீது சாலை அமைத்தார்கள். கீழேயுள்ள குளிர் வெளியேறாமல் காக்கும் கம்பளி போன்றது அந்தச் சரளை மேடு. நாம் வெப்பம் வெளியேறாமலிருக்கக் கம்பளி போர்த்துகிறோம். அவர்கள் குளிர் வெளியேறாமலிருக்கப் போர்த்தியிருக்கிறார்கள்!

இத்தகைய சாலையில் செல்பவர் வீட்டையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். பிக்கப் வண்டியின் பின்தளத்தில் சிறு அறை போன்ற கூடு ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். அதற்குள்ளே இருவர் படுக்க இடம், ஓர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமான் வைக்கும் அறைகள் ஆகியவை இருக்கும். நம் மாணவரும் அவ்வாறே சென்றார். ஹலால் உணவு கிடைக்குமோ கிடைக்காதோ என்று அரிசி, பருப்பு, கருவாடு, ஊறுகாய் என்று அவருடைய மனைவி கட்டிக் கொடுத்திருந்தாராம். ஆனால் கரடிகள் உலவும் காட்டில் கருவாட்டு மணம் ஆபத்து. அதை வெளியே எடுக்கவே அஞ்சி, போன வழியே திருப்பிக் கொண்டுவந்ததாக எழுதியிருந்தார். அங்கே உணவையும் குப்பையையும் இரவில் வெளியே விடுவதில்லை. நல்ல மூடியுள்ள பாத்திரங்களில் இட்டு வண்டிக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

டாசன் நகரில் பயணிகளுக்கான தகவல் நிலையத்தில் முதியவர் ஒருவர் இவர்களிடம், “எத்தனை ஸ்டெப்னி வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாராம். ஒன்று என்றிருக்கிறார்கள். “இரண்டு இல்லாமல் போகாதீர்கள். அந்தச் சாலையின் கல் கத்தி போன்றது” என்றாராம். பணச்செலவு என்று மச்சான் முணுமுணுத்தார். எனினும் நம் மாணவர் இரண்டாவதையும் வாங்கி ஏற்றினார்.

சாலையின் தொடக்கத்தில் டூம்ஸ்டோன் மலைத்தொடரின் கரிய சிகரங்கள் எதிர்ப்படுகின்றன. பின்னர் ஓகில்வி மலைகள் வருகின்றன. அதன்பின் மரங்கள் குட்டையாகி, அருகி, ஓரிடத்தில் இல்லாமலே போகின்றன. கண்ணுக்கெட்டியவரை பாசியும் புதரும் போர்த்த வெறுநிலம். குளிர்காலத்தில் இவ்வழியே கூட்டம் கூட்டமாகக் கடந்து செல்லும் கரிபு மான்களை அவர்கள் காணவில்லை. 2017 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2 லட்சம் மான்கள் கொண்டிருந்த அந்த மந்தை, ஜூன் மாதத்தில் வடகடலோரச் சமவெளியில் கன்று ஈன்று மேய்ந்துகொண்டிருக்கும். இவர்களுக்குக் கிடைத்தவை கொசுக்கள்தாம். “நம் ஊர்க் கொசுக்கள் இரக்கமுள்ளவை ஹஜ்ரத்” என்று எழுதியிருந்தார்.

ஈகிள் பிளெயின்ஸ் அடையுமுன் ஒரு சக்கரம் கிழிந்தது. 405 ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தைக் குறிக்கும் பலகையைக் கடந்தபின் இன்னொன்றும் கிழிந்தது. அந்த முதியவரின் சொல் இல்லாதிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்கள். சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த ஒரே வண்டி நின்றது. அதிலிருந்து இறங்கியவர் அப்பகுதியின் பூர்வகுடிகளான குவிச்சின் மக்களில் ஒருவர். யார், எவர் என்று கேளாமல் கையோடு கை கொடுத்து வேலையை முடித்துவிட்டே சென்றாராம். நின்றுகிடக்கும் வண்டியைக் கண்டும் காணாததுபோல் போவது அச்சாலையில் வழக்கமன்று.

அன்றிரவு, இரவு என்று கடிகாரம் காட்டிய வேளையில், சூரியன் மறையவில்லை. தாழ்ந்து வந்து, அடிவானத்தை ஒட்டி நகர்ந்து, மீண்டும் மேலேறியது. பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதால், ஜூன் மாதத்தில் வடமுனைப் பகுதி இடைவிடாமல் சூரியனை நோக்கியே நிற்கிறது. அதனால் இனுவிக்கில் மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதியைத் தாண்டியும் சூரியன் மறைவதில்லை. டிசம்பரிலோ ஏறத்தாழ ஒரு மாதம் அது உதிப்பதில்லை.

இனி அன்று நான் சொன்ன விடைக்கு வருகிறேன். அங்கேயும் சூரியன் உச்சியைக் கடக்கிறது, நிழல் நீள்கிறது. ஆகவே லுஹருக்கும் அஸருக்கும் அடையாளம் உண்டு. மஃரிபு, இஷா, பஜ்ர் ஆகிய மூன்றுக்கும்தான் வானத்தில் அடையாளம் மறைந்துபோகிறது. அடையாளம் மறைந்தாலும் கடமை நீங்குவதில்லை என்றும், நேரத்தைக் கணக்கிட்டுத் தொழ வேண்டும் என்றும் அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். இரவும் பகலும் தெளிவாகப் பிரியும் அருகிலுள்ள ஊரின் நேரத்தைக் கொள்ளலாம் என்பர் சிலர். மக்காவின் நேரத்தைக் கொள்ளலாம் என்பர் வேறு சிலர். இனுவிக் முஸ்லிம்கள் தெற்கேயுள்ள எட்மண்டன் நகரின் நேரத்தைப் பின்பற்றுவதாகச் செய்திகள் வந்துள்ளன. பயணிக்குரிய சலுகைகளில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

மடலில் இன்னொரு செய்தியும் இருந்தது. நாம் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்கள். இனுவிக்கில் கிப்லா எத்திசை தெரியுமா? ஏறத்தாழ நேர் வடக்கு! அவ்வூரும் மக்காவும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடமுனையை ஒட்டிச் செல்கிறது. தொலைவு சுமார் 10,000 கிலோமீட்டர். நடு இரவில் சூரியன் நிற்பதும் அதே வடதிசையில்தான். “கிப்லாவின் பக்கம் சூரியன் நிற்க, அதன் ஒளி முகத்தில் படத் தொழுதேன் ஹஜ்ரத். வகுப்பில் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது” என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

அதற்கப்பால் சாலையை இரண்டு ஆறுகள் குறுக்கிடுகின்றன. ஒன்று பீல், மற்றொன்று பேராறான மெக்கென்சி. பாலங்கள் இல்லை. கோடையில் வண்டிகளைத் தோணியில் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மீதே வண்டி ஓடுகிறது. உறையத் தொடங்கும்போதும் உருகத் தொடங்கும்போதும் சில வாரங்கள் தோணியும் இல்லை, பனிப்பாலமும் இல்லை. அப்போது அக்கரை மக்கள் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

பீல் ஆற்றங்கரையிலுள்ள போர்ட் மெக்பெர்சன் என்னும் குவிச்சின் ஊரில் நான்கு மனிதர்களின் கல்லறைகள் உள்ளன. 1910 டிசம்பர் 21 அன்று, பிட்ஜெரால்ட் என்னும் காவல் அதிகாரியும் அவருடன் மூவரும் இவ்வூரிலிருந்து நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் டாசன் நோக்கிப் புறப்பட்டனர். விரைந்து செல்ல வேண்டும் என்பதற்காக உணவைக் குறைத்தே ஏற்றினர். வழியில் அந்நிலத்தை அறிந்த குவிச்சின் வழிகாட்டி ஒருவரைச் சில நாட்கள் அமர்த்திக்கொண்டு, பிறகு இனித் தேவையில்லை என்று அனுப்பிவிட்டனர். அதன்பின் திரும்ப வேண்டிய ஓடை ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாமல் பல நாட்கள் அலைந்தனர். உணவு தீர்ந்தது. வந்த வழியே திரும்பினர். வண்டியிழுத்த நாய்களையே கொன்று உண்டனர். நால்வரும் மாண்டனர். கடைசி இருவர் விழுந்து கிடந்த இடத்திலிருந்து ஊர் வெறும் 40 கிலோமீட்டர்தான். அவர்களைத் தேடிச் சென்று 1911 மார்ச்சில் உடல்களைக் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர் என்னும் காவலர். அச்சாலை தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான்.

அந்த நால்வரும் கோழைகளல்லர், அனுபவமற்றவர்களுமல்லர். அறிந்தவர் அருகிலிருந்தபோது அவர் தேவையில்லை என்று எண்ணியதுதான் அவர்களுடைய பிழை. இதைப் படித்தபோது என் வகுப்பறை என் கண்முன் வந்தது. அவர்கள் வழிகாட்டியை அனுப்பிவைத்தார்கள். நான் ஒரு கேள்வியை அனுப்பிவைத்தேன்.

இனுவிக்கை அடைந்த நம் பயணிகளை ஒரு சிறிய மினாரா வரவேற்றது. சுமார் 3,000 பேர் வாழும் அவ்வூரில் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம்கள் நூறு பேரளவில் இருந்தனர். ஒரு சிறு வண்டிக்கூட்டில்தான் தொழுது வந்தனர். அங்கேயே கட்டடம் எழுப்பப் பெருஞ்செலவாகும் என்பதால், தெற்கே வின்னிப்பெக் நகரில் பள்ளிவாசலைக் கட்டி முடித்து, அப்படியே லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் ஒடுங்கிய பாலம் ஒன்றில் அது சரிந்து விழ இருந்தது. பின்னர் ஆற்றுவழியே மிதவையில் ஏற்றி, 4,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தின்பின் 2010 செப்டம்பரில் இனுவிக் சேர்த்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் அது திறக்கப்பட்டது. உலகின் வடகோடியிலுள்ள பள்ளிவாசல்களுள் அதுவும் ஒன்று. அதைச் சார்ந்த உணவு வங்கி, மார்க்க வேறுபாடின்றி அவ்வூர் ஏழைகளுக்கு உணவளித்து வருகிறது. எல்லாப் பொருளும் தொலைவிலிருந்து வருவதால் விலை கடுமையாக இருக்கும் ஊர் அது. நம் மாணவர் தாம் மிச்சம் வைத்திருந்த அரிசியையும் பருப்பையும் அங்கே கொடுத்துவிட்டு வந்தாராம்.

2017 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய சாலை வழியே மேலும் 138 கிலோமீட்டர் சென்று, டுக்டோயாக்டுக் என்னும் கடற்கரைச் சிற்றூரில் வடகடலைத் தொட்டுவிட்டே அவர்கள் திரும்பினர். கனடாவின் மற்றச் சாலைகளோடு இணைந்த, எல்லாப் பருவங்களிலும் பயன்படும் சாலை ஒன்று அக்கடலைச் சென்று தொட்டது அதுவே முதன்முறை.

அன்புத் தாய்மார்களே, தந்தைமார்களே! நம் பிள்ளைகள் சில வேளைகளில் நமக்கு வேடிக்கையாகத் தோன்றும் கேள்விகளைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி அவர்களை எந்த ஊருக்கு அழைத்துச் செல்லும் என்பதை நாம் அறியோம். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “கேட்டுச் சொல்கிறேன்” என்று கூறுங்கள். அதில் நமக்குக் குறைவொன்றுமில்லை. சிரித்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

தொழுகை நேரங்களின் பாடம் வரும்போதெல்லாம் இப்போது கரும்பலகையில் ஓர் உருண்டையை வரைகிறேன். அதன் தலைப்பகுதியில் ஒரு புள்ளி வைத்து, “இங்கே மஃரிபு எப்போது?” என்று நானே மாணவர்களிடம் கேட்கிறேன்.

வல்ல இறைவன் நம் பயணங்களையும் நம் பிள்ளைகளின் பயணங்களையும் நலமாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.